பொரிப்பகக் குஞ்சும் வம்சக் கோழியும்

புது தில்லியின் தென்பகுதியில், மத்திய அரசு ஊழியர் குடியிருப்பாக அமைந்த லக்ஷ்மிபாய் நகரை அடுத்து ஐ.என்.ஏ. அங்காடி உள்ளது. அங்கே கோழி வாங்கச் செல்வோர், வெண்ணிறப் பிராய்லர் வேண்டுமா, 'தேசி' எனப்படும் நாட்டுக்கோழி வேண்டுமா என்று தீர்மானித்து, விலை பேசி முடிப்பர். அக்கோழியின் தாய் தந்தை எவை, அது எங்கே பொரிக்கப்பட்டது என்னும் வினா அவர்களுக்கு எழுவதில்லை. எழவேண்டிய அவசியமும் இல்லை. உண்ணப்படும் கோழியோடு அதன் வரலாறும் முடிந்துவிடுகிறது.

கிராமத்தில் ஐந்தாறு பெட்டைகளைப் புழக்கடையில் வைத்துச் சிறு வருவாய் காணும் குடும்பத்தின் நிலை வேறு. அங்கே கோழி இவ்வாண்டின் முட்டையும் இறைச்சியும் மட்டுமன்று. அடுத்த ஆண்டுக்கான வித்தும் ஆகும். ஆகவே, பெரும் பொரிப்பகத்திலிருந்து ஒரு நாள் குஞ்சுகளை வாங்குவதா, பல தலைமுறையாக ஓர் இனத்தைப் பேணி வரும் வளர்ப்பாளரிடம் கோழி வாங்குவதா என்பது அக்குடும்பத்தின் பல ஆண்டு நலனைத் தீர்மானிக்கும் கேள்வியாகிறது.

இக்கேள்வி சிலருக்கு மட்டும் உரியதன்று. 2019ஆம் ஆண்டின் கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் இருந்த கோழி முதலிய வளர்ப்புப் பறவைகள் ஏறத்தாழ 85.18 கோடி. அவற்றுள் 31.7 கோடி புழக்கடையில் வளர்க்கப்பட்டவை. மாநிலங்களுள் தமிழ்நாடு சுமார் 12 கோடிப் பறவைகளுடன் முதலிடம் வகித்தது. களப்பணியாளரிடம் கிராம மக்கள் கேட்கும் ஐயங்களுள் இதுவும் அடிக்கடி எழுவதில் வியப்பில்லை.

பொரிப்பகம் செய்யும் பணி

கோழி முட்டை பொரிய 21 நாட்கள் ஆகும். தாய்க்கோழி தன் உடல் உஷ்ணத்தாலும், முட்டைகளை அவ்வப்போது புரட்டிவிடும் இயல்பாலும் செய்யும் வேலையைப் பொரிப்பகத்தில் இயந்திரம் செய்கிறது. சுமார் 37.5 டிகிரி செல்சியஸ் உஷ்ணமும் தக்க ஈரப்பதமும் காற்றோட்டமும் அதனுள் இடைவிடாது காக்கப்படுகின்றன. 18ஆம் நாள் வரை முட்டைகள் குறித்த நேரத்தில் திருப்பப்பட்டு, பின்னர் பொரிக்கும் அறைக்கு மாற்றப்படுகின்றன. ஒரு தாய்க்கோழி பத்துப் பன்னிரண்டு முட்டைகளையே அணைத்துக் காக்கும்; இயந்திரமோ ஒரே நாளில் ஆயிரக்கணக்கான குஞ்சுகளைத் தரும்.

பொரிந்த குஞ்சின் வயிற்றுள் மஞ்சட்கருவின் எச்சம் இருக்கும். அதுவே இரண்டு நாட்களுக்கு அதற்கு உணவாகும். குஞ்சுகளைப் பெட்டியில் அடைத்துத் தொலைதூரம் அனுப்ப முடிவது இதனால்தான். அமெரிக்காவில் 1918 முதலே ஒரு நாள் குஞ்சுகள் அஞ்சல் வழியே அனுப்பப்பட்டு வந்தன. இந்தியாவில் பெருமளவிலான வணிகப் பொரிப்பகங்கள் 1960களிலும் 1970களிலும் வளர்ந்தன. டாக்டர் பி. வி. ராவ் 1971இல் தொடங்கிய வெங்கடேஸ்வரா ஹாட்சரீஸ் அவற்றுள் குறிப்பிடத்தக்கது. நாமக்கல் வட்டாரம் முட்டை உற்பத்தியில் நாடறிந்த மையமாக உயர்ந்ததும் இத்தகைய குஞ்சுகளைக் கொண்டேயாகும்.

பொரிப்பகக் குஞ்சின் நன்மைகள் மூன்று. முதலாவது, வேண்டிய நாளில் வேண்டிய எண்ணிக்கை கிடைக்கும். இரண்டாவது, குஞ்சுகள் ஒரே வயதும் ஏறத்தாழ ஒரே எடையும் உடையனவாதலால் தீவனமும் தடுப்பூசியும் அளிப்பது எளிது. மூன்றாவது, உற்பத்தித் திறன் மிகுதி. முட்டைக்கென உருவாக்கப்பட்ட கலப்பினப் பெட்டை, நல்ல தீவனமும் பராமரிப்பும் பெற்றால், முட்டையிடும் காலத்தில் 300க்கும் மேற்பட்ட முட்டைகள் இடும். இறைச்சிக்கான பிராய்லர் ஆறு வாரத்திற்குள் இரண்டு கிலோ எடையை எட்டும்.

இவற்றோடு ஒப்பிடுங்கால் நாட்டுப் பெட்டை ஆண்டுக்கு 60 முதல் 80 முட்டைகளே இடுகிறது. இதனைச் சோம்பல் எனக் கொள்ளுதல் தவறு. அப்பெட்டை ஒரு தடவைக்குப் பதினைந்து இருபது முட்டைகள் இட்டபின் 21 நாட்கள் அடையிருக்கிறது. பிறகு இரண்டு மாத காலம் குஞ்சுகளைச் சிறகின்கீழ் காத்து, கிளறித் தின்னக் கற்பித்து, பருந்தைக் கண்டு எச்சரிக்கிறது. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ மூன்று மாதங்கள் கழிகின்றன. ஓராண்டின் முட்டைக் கணக்கைக் குறைப்பது அதன் தாய்மைப் பணியே. அப்பணிக்கு மின்சாரம் தேவையில்லை, கூலியும் தேவையில்லை.

வீரியம் ஒரு தலைமுறைக்கே

பொரிப்பகக் குஞ்சு பெரும்பாலும் கலப்பினக் குஞ்சு என்பதை மறத்தலாகாது. தனித்தனியே தேர்ந்தெடுத்துப் பெருக்கப்பட்ட மூன்று நான்கு வரிசைகளைக் குறித்த முறையில் இணைத்து இறுதிக் குஞ்சு பெறப்படுகிறது. தொலைவான வரிசைகள் இணையும்போது தோன்றும் கலப்பு வீரியமே அதன் வேகமான வளர்ச்சிக்கும் மிகுந்த முட்டைக்கும் ஒரு காரணமாகும்.

அக்குஞ்சுகளையே வளர்த்து, அவற்றின் சேவலையும் பெட்டையையும் இணைத்து, முட்டைகளை அடைக்கு வைத்தால் விளைவு வேறாகும். ஜீன்கள் மீண்டும் பிரிந்து பலவாறு சேர்கின்றன. ஒரு குஞ்சு தாயைப் போலவும், மற்றொன்று பாட்டனைப் போலவும், வேறொன்று எவரையும் போலன்றியும் அமையும். வீரியம் குறையும், ஒருசீர்மை அழியும். கலப்பின மக்காச்சோளத்தின் விளைச்சலையே மறு ஆண்டுக்கு விதையாக வைத்த விவசாயி காணும் ஏமாற்றத்திற்கு இது நிகராகும். பள்ளியில் மெண்டலின் விதிகளைக் கற்பிக்கும் ஆசிரியர் பட்டாணிச் செடிக்கு அடுத்தபடியாக இதனை எடுத்துக்காட்டலாம்.

மேலும், முட்டைக்கான இனங்களில் அடையிருக்கும் இயல்பு பல தலைமுறைத் தேர்வினால் நீக்கப்பட்டுள்ளது. அடையிருக்கும் பெட்டை அந்நாட்களில் முட்டையிடாது என்பதே அதற்குக் காரணம். பண்ணையில் இது சிறப்பு. இயந்திரம் இல்லாத புழக்கடையில் இது குறை. அடையிராத பெட்டையை வைத்திருக்கும் குடும்பம் ஒவ்வொரு முறையும் குஞ்சை விலைகொடுத்தே வாங்க வேண்டும்.

இனம் பேணுவோர் காக்கும் செல்வம்

மறுபுறம், தம் வீட்டிலேயே ஓர் இனத்தைத் தலைமுறைதோறும் தேர்ந்தெடுத்து வளர்ப்போர் உள்ளனர். தமிழ்நாட்டில் பெருவிடை, சிறுவிடைக் கோழிகள் இத்தகையோரிடமே தூய்மையாக நிலைத்துள்ளன. காகம், கீரி, வல்லூறு, மயில் என இறகின் நிறத்தால் சேவல்களைப் பிரித்தறியும் வழக்கும், வளைந்த அலகும் விரிந்த வாலும் கொண்ட கிளிமூக்கு விசிறிவால் சேவல்களைக் கண்காட்சிக்கென வளர்க்கும் வழக்கும் அவர்களுடைய கூர்ந்த நோக்கிற்குச் சான்றுகளாகும். சேவற்சண்டைக்காகவே இவ்வினங்கள் முன்னர் போற்றப்பட்டன. பிராணிகளைச் சண்டையிடத் தூண்டுவது 1960ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடைச் சட்டத்தின்படி குற்றமாகும். ஆயினும் அக்கோழிகளின் உறுதியான உடலமைப்பும், இறைச்சியின் தரமும், பெட்டையின் தாய்மைக் குணமும் புழக்கடை வளர்ப்புக்கு இன்றும் உரிய சிறப்புகளே.

மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா பகுதிக்குரிய கடக்நாத் கோழியை மற்றோர் உதாரணமாகக் கூறலாம். தோல், இறைச்சி, எலும்புறை முதலியனவும் கருநிறமாக விளங்கும் இக்கோழியின் இறைச்சிக்கு 2018இல் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. அதன்பின் 'கடக்நாத்' என்ற பெயரில் பலவகைக் குஞ்சுகள் விற்பனைக்கு வரலாயின. இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. அக்கருமைக்குக் காரணமான ஜீன் ஓங்கு தன்மை உடையது. ஆகவே, வேற்றினத்தோடு கலந்து பிறந்த குஞ்சிலும் கருமை பெருமளவு தோன்றக்கூடும். நிறம் மட்டுமே தூய இனத்திற்குச் சான்றாகாது. பெற்றோரை நேரில் காட்டி வம்சத்தைச் சொல்லக்கூடிய வளர்ப்பாளரின் பயன் இங்கேதான் விளங்குகிறது.

பொரிப்பகத்திற்கும் இத்தகையோருக்கும் பகை ஏதும் இல்லை. பரேலிக்கு அருகே இஸத்நகரில் 1979இல் நிறுவப்பெற்ற மத்திய பறவையின ஆராய்ச்சி நிலையம், புழக்கடைக்கென உருவாக்கிய நிர்பீக் கோழிக்கு அசீலையும், ஷ்யாமாவுக்குக் கடக்நாத்தையும் பயன்படுத்தியது. ஹிட்காரி என்பது கழுத்தில் இறகில்லாத நாட்டுக்கோழியின் வழி வந்தது; உப்காரி என்பது சிலிர்த்த இறகுடைய கோழியின் வழி வந்தது. இறகு குறைந்தும் சிலிர்த்தும் இருப்பதால் உடல் வெப்பம் எளிதில் வெளியேறி, கோடையைத் தாங்கும் ஆற்றல் கூடுகிறது. வெயில் மிகுந்த புழக்கடைகளில் இந்த ஜீன்களை நம் முன்னோரின் கோழிகளே சுமந்து வந்தன. விஞ்ஞானிகள் இயந்திரத்தில் பெருக்குவதற்கான மூலப்பொருளைக் கிராமமே அளித்தது. ஊற்று வற்றினால் வாய்க்காலிலும் நீர் இராது.

சேவல் கூட்டத்தின் சரிபாதி

அந்த ஊற்று எவ்வாறு வற்றுகிறது என்பதை ஓர் எளிய கணக்கால் விளக்கலாம். பத்துப் பெட்டைகளுக்கு ஒரு சேவல் எனக் கொள்வோம். அவற்றின் குஞ்சுகள் நூறாயினும், ஒவ்வொரு குஞ்சின் பரம்பரையிலும் பாதி அந்த ஒரே சேவலிடமிருந்து வந்தது. ஒரு பெட்டையின் பங்கோ கூட்டம் முழுவதிலும் இருபதில் ஒன்றே. ஆகவே சேவல் என்பது எண்ணிக்கையில் ஒன்று, பரம்பரையில் சரிபாதி.

அடையிருக்கும் நல்ல பெட்டைகளை வைத்திருக்கும் வீட்டில், பண்ணையினத்தைச் சேர்ந்த பகட்டான பொரிப்பகச் சேவல் ஒன்று வளர்ந்து இணையத் தொடங்கினால், அதன் மகள்களில் அடையிருக்கும் இயல்பு குறையலாம். மகள்களையும் அத்தகைய சேவலோடே இணைத்தால் அது மேலும் குறையும். இரண்டு மூன்று ஆண்டுகளில், தானே பெருகிவந்த கூட்டம் விலைக்குக் குஞ்சு வாங்கும் கூட்டமாக மாறிவிடும். சேவல் வேலி தாண்டும். எனவே நட்டம் ஒரு வீட்டோடு நிற்பதுமில்லை.

இதே கணக்கை நன்மைக்கும் பயன்படுத்தலாம். கலப்புப் பெட்டைகளே உள்ள வீட்டில் இனம் பேணுவோரிடமிருந்து ஒரு தூய சேவல் வாங்கி இணைத்தால், குஞ்சுகளில் அவ்வினத்தின் பங்கு பாதியாகும். அக்குஞ்சுகளுள் நல்ல பெட்டைகளைத் தேர்ந்து, அதே இனத்தைச் சேர்ந்த, உறவற்ற வேறொரு சேவலோடு இணைத்தால் முக்கால் பங்காகும். மூன்றாம் தலைமுறையில் எட்டில் ஏழும், நான்காம் தலைமுறையில் பதினாறில் பதினைந்தும் ஆகும். பெட்டைகள் அனைத்தையும் விலைக்கு வாங்காமலேயே, நல்ல சேவல்களைக் கொண்டு, சில ஆண்டுகளில் ஏறத்தாழத் தூய கூட்டத்தை அடையலாம்.

சேவலை மாற்றும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். சேவலின் விந்து பெட்டையின் உடலில் இரண்டு வாரங்களுக்கும் மேலாக உயிருடன் தங்கக்கூடும். ஆகவே பழைய சேவலை நீக்கிய பின் மூன்று வாரங்கள் இடப்படும் முட்டைகளை உண்ணவோ விற்கவோ பயன்படுத்திவிட்டு, அதன்பின் இடுபவற்றையே அடைக்கு வைத்தல் நலம்.

சிறு கூட்டத்தின் ஆபத்து

இனம் பேணுவோரிடம் வாங்குவது எப்போதும் குறையற்றது என்று எண்ணலாகாது. அவர்களிடம் குஞ்சுகள் குறைவு, விலை மிகுதி, பல மாதங்கள் காத்திருக்கவும் நேரும். இவற்றினும் பெரிய குறை நெருங்கிய உறவில் இணைத்தல். தோற்றம் மாறாதிருக்க வேண்டுமென்று ஒரே சேவலை அதன் மகள்களோடு இணைக்கும் வழக்கம் பலரிடம் உண்டு. அதன் பயனாகப் பொரிக்கும் விகிதம் குறையும், குஞ்சுகள் நலிந்து மடியும், முட்டையும் குறையும்.

இதற்கும் கணக்கு உண்டு. சேவல்களின் எண்ணிக்கையைப் பெட்டைகளின் எண்ணிக்கையால் பெருக்கி, அதனை மேலும் நான்கால் பெருக்கி, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் வருவது அக்கூட்டத்தின் பயனுறு எண்ணிக்கை. ஒரு சேவலும் பன்னிரண்டு பெட்டைகளும் உள்ள கூட்டத்தில் அது 3.7 மட்டுமே. நான்கு சேவல்களும் பன்னிரண்டு பெட்டைகளும் இருந்தால் அது 12 ஆகும். ஒன்றை இப்பயனுறு எண்ணிக்கையின் இருமடங்கால் வகுத்தால், ஒரு தலைமுறையில் ஏறும் உட்கலப்பின் அளவு கிடைக்கும். முன்னதில் அது ஏறத்தாழ 13.5 சதவிகிதம், பின்னதில் 4.2 சதவிகிதம். பெட்டைகளைக் கூட்டாமல் சேவல்களை மட்டும் கூட்டியதால் ஆபத்து மூன்றில் ஒன்றாகக் குறைந்தது.

ஆகையால் தனியொருவராக இனத்தைக் காப்பது கடினம். நான்கு வீட்டார் ஒன்றுசேர்ந்து, வீட்டுக்கு ஒரு சேவலும் மூன்று பெட்டைகளும் வைத்து, ஆண்டுக்கொருமுறை இளஞ்சேவல்களை முதல் வீட்டிலிருந்து இரண்டாம் வீட்டிற்கும், இரண்டிலிருந்து மூன்றிற்கும், மூன்றிலிருந்து நான்கிற்கும், நான்கிலிருந்து முதல் வீட்டிற்குமாகச் சுழற்சியில் மாற்றிக்கொள்ளலாம். இதனை முன்னின்று அமைப்பது களப்பணியாளர் ஆற்றக்கூடிய சிறந்த தொண்டாகும்.

வாங்குமுன் கேட்கவேண்டியவை

பொரிப்பகத்திடம் கேட்கவேண்டியவை: குஞ்சின் வகை யாது, அது எதற்கென உருவாக்கப்பட்டது? பொரித்த தேதி எது? தாய்க்கோழிகளுக்குப் புல்லோரம் நோய்க்கான இரத்தப் பரிசோதனை செய்யப்பட்டதா? அந்நோய் முட்டை வழியே குஞ்சுக்குப் பரவக்கூடியது. மேரக்ஸ் தடுப்பூசி முதல் நாளிலேயே போடப்பட்டதா? நல்ல குஞ்சு ஒளிபொருந்திய கண்களும், உலர்ந்த தூவியும், முற்றும் மூடிய தொப்புளும் உடையது. மல்லாத்தினால் உடனே புரண்டு எழுந்து நிற்கும். தெருவில் சாயம் பூசி விற்கப்படும் குஞ்சுகள் பெரும்பாலும் முட்டையினத்தில் கழிக்கப்பட்ட சேவற்குஞ்சுகளே. அவற்றை நாட்டுக்கோழி என நம்பி வாங்குதல் கூடாது.

இனம் பேணுவோரிடம் கேட்கவேண்டியவை: பெற்றோரைக் காட்ட முடியுமா? எத்தனை சேவல்கள் உள்ளன, புதிய சேவல் எப்போது, எங்கிருந்து வந்தது? தாய்ப்பெட்டை அடையிருந்ததா, அடைக்கு வைத்த முட்டைகளில் எத்தனை பொரிந்தன, எத்தனை குஞ்சுகள் தேறின? குறையுள்ளவற்றைக் கழிக்கிறாரா? நேர்மையான வளர்ப்பாளர் தம் கோழியின் குறையையும் மறைக்காமல் சொல்வார். நிறத்தையும் விலையையும் மட்டுமே பேசுபவரிடம் வாங்குவதற்கு முன் மீண்டும் சிந்திக்க வேண்டும்.

எங்கு வாங்கினும் நோய்த்தடுப்பு இன்றியமையாதது. தமிழ்நாட்டில் வெள்ளைக்கழிச்சல் எனப்படும் ராணிகேத் நோய் புழக்கடைக் கோழிகளின் பெரும் பகை. நாட்டுக்கோழிக்கு அது வராது என்னும் நம்பிக்கை தவறானது. ஐந்து முதல் ஏழாம் நாளில் லசோட்டா அல்லது எஃப் வகைச் சொட்டு மருந்தும், எட்டாம் வாரத்தில் ஆர்.டி.வி.கே. ஊசியும் கால்நடை மருத்துவரின் ஆலோசனைப்படி அளிக்கப்பட வேண்டும். வளர்ந்த கோழியை வாங்கினால், பழைய கூட்டத்தோடு சேர்க்குமுன் மூன்று வாரமாவது தனியே வைத்துக் கவனிக்க வேண்டும். நலமாகத் தோன்றும் கோழியும் நோயையோ பேனையோ சுமந்து வரக்கூடும்.

எதனைத் தேர்வது?

இதுவரை கூறியவற்றால் விடை ஒருவாறு தெளிவாகும். தீவனத்திற்கும் கொட்டகைக்கும் செலவிட்டு முட்டையையோ இறைச்சியையோ விற்க விரும்புவோருக்குப் பொரிப்பகக் குஞ்சே ஏற்றது. அவர்கள் ஒவ்வொரு முறையும் புதிதாகக் குஞ்சு வாங்குவர். குறைந்த செலவில் கூடுதல் முட்டையும் எடையும் பெற விரும்பும் வீட்டாருக்கு ஐதராபாத்தில் 1988இல் தொடங்கிய கோழியின ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய வனராஜா, கிராமப்ரியா போன்றவையும், தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் உருவாக்கிய நந்தனம் கோழியும் பயன்படும். ஒரு நாள் குஞ்சாக அன்றி, நான்கு வாரம் செயற்கை வெப்பத்தில் வளர்த்த பின்னர் தருவது நல்லது; தாயற்ற சிறு குஞ்சைப் பருந்திடமிருந்தும் காகத்திடமிருந்தும் காப்பது அரிது. இவற்றின் சேவல்களை ஐந்து மாதம் முடியுமுன் விற்றோ உண்டோ விடுவது, நாட்டுப்பெட்டைகளோடு கலவாதிருக்க உதவும்.

தன் வீட்டிலேயே கூட்டம் பெருக வேண்டும், பெட்டையே அடையிருந்து குஞ்சு காக்க வேண்டும் என விரும்பும் குடும்பத்திற்கோ வம்சம் அறிந்த கோழியே தக்கது. பணம் குறைவாயின் சேவலை மட்டுமேனும் அத்தகைய இடத்தில் வாங்க வேண்டும்.

குஞ்சுகளை வழங்கும் திட்டம் ஒரு கிராமத்திற்கு வரும்போது, எத்தனை குஞ்சுகள் வழங்கப்பட்டன என்பதோடு களப்பணியாளரின் கணக்கு முடிந்துவிடலாகாது. அவ்வூரில் பழைய வம்சத்தைக் காத்துவரும் வீடு எது, அங்கே எத்தனை சேவல்கள் உள்ளன என்பதையும் அவர் குறித்து வைக்க வேண்டும். பொரிப்பகக் குஞ்சு இறந்தால் வேறு குஞ்சு வாங்கலாம். ஓர் ஊரின் கோழி வம்சம் கலைந்து மறைந்தால் அதனை எந்த இயந்திரமும் மீண்டும் பொரித்துத் தராது.